நூற்றுப் பதிமூன்று டிகிரியில் பனிக்கட்டி

ரோலீன் தன் வேன் கதவின் உள்பக்கத்தில் ஒரு சான்றிதழை ஒட்டி வைத்திருக்கிறார். மேசா என்ற எங்கள் பாலைவன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர், நாற்பத்து மூன்று வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து ஏ.சி. மெக்கானிக் ஆனார். அவர் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர். என் வீட்டில் நான். அந்தச் சான்றிதழைப் பார்த்ததுமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அது ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. நான் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர்கள் வெர்லின், ஓபல் தம்பதி. அவர்கள் மகள் கேஸிக்கு அன்று மாலை ஐந்து மணிக்குக் கல்யாணம். கேக்கை ஓபலே செய்திருந்தார். மூன்று அடுக்கு, வெண்ணெய்ப் பூச்சு, சுற்றிலும் கிரீமில் பிழிந்த எழுபது ரோஜா. ஃப்ரிட்ஜில் நுழையாத உயரம். வீட்டுக் குளிர்ச்சியை நம்பிச் சாப்பாட்டு மேஜை மேல் நின்றிருந்தது.

காலை பத்து மணிக்கு வீடு குளிர மறுத்தது. வெளியே ஏ.சி. பெட்டி வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு அறையிலும் காற்று இல்லை. வானத்தில் மழை மேகம் வேறு. வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொண்டது. பதினோரு மணிக்கு முதல் ரோஜா வழுக்கியது. ரோலீனுக்கு ஃபோன் பறந்தது.

வேன் நிற்பதற்குள் வெர்லின் ஓடிப்போய், "ஏ.சி.ல கேஸ் தீந்துபோச்சும்மா. ரொப்பிட்டுக் கெளம்பு, வேல முடிஞ்சுது" என்றார்.

"டாக்டர்கிட்டப் போனாலும் மருந்துச் சீட்டை நீங்களேதான் எழுதுவீங்களோ?" என்று கேட்டபடியே ரோலீன் ஏணி வைத்துப் பரணில் ஏறினார். கூரைக்கடியில் இருக்கும் அந்தப் பரண் ஆகஸ்டில் அடுப்பு. இரண்டு நிமிஷத்தில் வியர்வை சொட்டச் சொட்ட இறங்கி, உள்ளங்கையளவு பனிக்கட்டி ஒன்றை வெர்லின் கையில் வைத்தார்.

"ஏம்மா, வெளிய நூத்திப் பதிமூணு டிகிரி வெயிலு. இங்க எங்கேந்து ஐஸு?"

"எல்லாரும் மிஷின் குளிரைத் தயார் பண்ணுதுன்னு நெனைக்கறாங்க. அது வீட்டுல இருக்கற சூட்டை அள்ளிட்டுப் போய் வெளிய கொட்டுது, அவ்ளோதான். ஹால்ல இருக்கே பெரிய கிரில், அது வழியாத்தான் வீட்டுக் காத்தை இழுக்கும். மேல பரண்ல சில்லுன்னு ஒரு சுருள் குழாய், காயில்னு பேரு. காத்து அதுமேல பட்டுச் சூட்டை எறக்கி வெச்சுட்டு, குழாய் வழியா ரூம் ரூமாத் திரும்பிப் போகும். எறக்கி வெச்ச சூடு வெளிப் பெட்டிக்குப் போயி, ஃபேன் தெருவுக்கு ஊதிடும். காத்து போதலன்னா காயில்ல படியற ஈரம் ஒறைஞ்சிடும். ஒறைஞ்சா இருக்கற காத்தும் போகாது." ரோலீன் மூச்சு வாங்கிக்கொண்டார். "எத்தனை ரூம்ல காத்து வழிய மூடி வெச்சிருக்கீங்க?"

வெர்லின் சீலிங்கை ஆராய்ந்தார்.

"சொல்லேன்" என்றார் ஓபல். "வாய்ல என்ன, அதுவும் ஒறைஞ்சுபோச்சா?"

பதினொரு காற்று வழியில் ஏழு. ஒவ்வொரு பிள்ளை வீட்டைவிட்டுப் போனபோதும், காலி அறைக்குக் குளிர் எதற்கு என்று மூடிக்கொண்டே வந்திருக்கிறார். போதாததற்கு, மகரந்தத்தையும் விடாமல் பிடிக்கும் என்று கெட்டி ஃபில்டர் ஒன்றைப் போன வாரம்தான் மாட்டியிருந்தார். பெரிய சிக்கனம் என்று நானும் அவரை மெச்சியிருக்கிறேன். இத்தனைக்கும் நான் இன்ஜினியரிங் பட்டதாரி.

"ஏ.சி.ய அணைக்கணும். ஃபேன் மட்டும் ஓடட்டும். ரெண்டு மணி நேரத்துல ஐஸ் உருகிடும்" என்றார் ரோலீன்.

"அணைக்கறதா!" வெர்லின் அலறினார். மேசாவில் ஆகஸ்ட் மாதம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "நான் வேற ஆளக் கூப்டுக்கறேன்!"

"கூப்பிடுங்க. அவரும் வந்து இதையேதான் சொல்வாரு. அதுக்குள்ள கேக்கு சூப்பாயிருக்கும்."

ஓபலுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பொண்ணு கேக்கும்மா. நாலு நாளாச் செஞ்சேன்."

ரோலீன் கேக்கைச் சுற்றி ஒரு நடை வந்தார். அப்போது அவர் மெக்கானிக் இல்லை, பழைய சமையல்காரர். "அழாதக்கா. என் வேன்லயும் ஏ.சி. இருக்கு."

வேனிலிருந்த சாமான்கள் தரைக்கு வந்தன. ரோலீனும் வெர்லினும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேக்கை வேனில் ஏற்றினோம். ஓபல் குளிர்காலக் கோட்டு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் காவல் உட்கார்ந்தார். தெருவே வேர்த்துக் கொட்ட, வேனுக்குள் ஒருத்தி கம்பளிக் கோட்டில்!

ரோலீன் கெட்டி ஃபில்டரைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஃபில்டர் போட்டார். வெர்லினுக்கு ஏணியைக் கொடுத்தார். "மூடின கையே தொறக்கட்டும்." அவர் நாலாவது அறைக்குப் போவதற்குள், நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலி மேல் ஏறி, சிக்கனத்துக்காக நானும் மூடி வைத்திருந்த காற்று வழியைத் திறந்துவிட்டேன்.

வீட்டுக்குள் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. வெர்லின் பனியனோடு ஹாலில் நின்று, உருகும் தண்ணீர் குழாய் வழியே வெளியே சொட்டுவதைக் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே முக்காலுக்கு ரோலீன் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஹால் திரைச்சீலை அசைந்தது. காலி அறைகளில்கூடச் சில்லென்று காற்று இறங்கியது.

"ஓபல்! வந்துடு உள்ள!" என்று வெர்லின் வாசலில் நின்று கத்தினார்.

"நான் வரல. இங்கதான் நம்பிக்கையா இருக்கு!"

ஆகவே கேக் அந்த வேனிலேயே கல்யாண மண்டபத்துக்குப் போனது. வழுக்கிய ரோஜாக்களை ரோலீனே கரண்டியால் நிமிர்த்தி உட்கார வைத்தார். ஐந்து மணிக்கு எழுபதும் எழுபதாகவே நின்றன. வேலைச் சட்டையோடு கிளம்பப் பார்த்தவரை, கேஸி கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

கேக் வெட்டி முடிந்ததும் வெர்லின் மெல்ல ரோலீன் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, விருந்தாளி ரூம்ல யாரும் படுக்கறதே இல்ல. அது ஒண்ண மட்டும் மூடிக்கட்டுமா?"

ரோலீன் வாயிலிருந்த கேக்கை நிதானமாக மென்று விழுங்கினார்.

"தாராளமா மூடுங்க. கூடவே அக்காவை இன்னொரு கேக்கு செய்யச் சொல்லிடுங்க. நான் வேனை எடுத்துட்டு வந்துடறேன்."