கழுவிய வில்வச் சருகு

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். கேட்பவர்கள் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

எங்கள் வளவில் ஒரு வில்வமரம் நிற்கிறது. எங்கள் வீட்டில் தங்கியிருந்த பல்கலைக்கழகப் பிள்ளை அதன் கீழே வலை கட்டி, உதிரும் சருகைச் சேர்த்தாள். காயவைத்து, நிறுத்து, மின்சார உலையில் சாம்பலாக்கித் திரும்பவும் நிறுப்பாள். மரம் எடுத்த உப்புகளில் எவ்வளவு சருகோடு மண்ணுக்குத் திரும்புகிறது என்று அதில் தெரியுமாம்.

ஒரு கிழமை முழுக்க அவள் காய்ச்சலோடு ஊரில் இருந்தாள். சருகு எடுப்பது என் பொறுப்பு. பூசைக்கு இலை ஆய்ந்து பழகிய கை என்னுடையது. புழு அரித்ததை விலக்கினேன். மிச்சத்தை மூன்று தண்ணீரில் அலசி, வெள்ளை வேட்டியில் பரப்பி உலர்த்தி வைத்தேன். தேவாரம் வாயில் தானாக வந்தது. வெயிலில் அந்தச் சருகுகள் மிதப்பதுபோல் இருந்தன.

திரும்பி வந்து உலையில் வைத்தவள், மறுநாள் சோற்றைத் தொடவில்லை.

“என்ன பிள்ளை, சோறு ஆறுதெல்லே?”

“அன்ரி, அந்தக் கிழமைச் சாம்பல் நல்லாக் குறைஞ்சு போச்சு. நான் பொய்க் கணக்கு எழுதிறன் எண்டு எங்கடை பேராசிரியர் சேர் நினைக்கிறார். முழு வேலையையும் ஏற்கமாட்டாராம்.”

அகப்பை என் கையில் நின்றது. “கழுவினாக் குறையுமோ?”

“எதை?”

“சருகை.”

“சோப்பும் போட்டனீங்களோ, அன்ரி?”

“சீச்சீ, தண்ணி மட்டும்.”

சிரித்தாள், கண் கலங்கியது.

அடுத்த நாள் அவளோடு பல்கலைக்கழகம் போய், சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உப்பும் மண்ணும் உங்கடை வாளியோடை போயிட்டுது, அம்மா,” என்றார்.

“தண்ணியை மரத்துக்குத்தான் ஊத்தினன், சேர்.”

“அப்ப மரத்துக்கு நட்டமில்லை.” அந்தக் கிழமையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எழுதச் சொன்னார்.

பிறகு ஆறிய உலையைத் திறந்து காட்டினார். பீங்கான் கிண்ணத்தில் மூன்று இதழும் கலையாமல், நரம்புகூடத் தெரிய, வெண்சாம்பலாக ஒரு வில்வம் கிடந்தது. மூச்சுப் பட்டால் உதிர்ந்துவிடும் என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. எந்தச் சந்நிதியில் நிற்கிறேன் என்று சிறிது நேரம் எனக்கே தெரியவில்லை.

இதை வேறு யாருக்காவது சொன்னால், நான் கழுவியதை விடாமல், ஒன்றும் கூட்டாமல், உள்ளபடியே சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை.