அவள் எழுந்து நின்ற பாலம்

கோபன்ஹேகன் கால்வாய்ப் படகில் பத்தொன்பது வருடமாக ஊரின் அழகைச் சொல்லிப் பிழைப்பவள் பெர்னில் என்ற வழிகாட்டி. படகை ஓட்டுபவன் நான். கோணல் வீடுகளும் செப்புக் கூரைகளும் அவள் வாயில் நேற்றுக் கட்டியவை போலிருக்கும். ஆனால் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவள். பாலம் வந்தால், "உட்காருங்க, தலை போயிடும்!" என்று பயணிகளை அதட்டிவிட்டு, தான் மட்டும் கடைசி நொடியில் குனிவாள்.

அன்று அவள் ஒரே மகன் மல்தே பள்ளிப் படிப்பை முடித்த நாள். எங்கள் ஊர் வழக்கப்படி, வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகள் இலைக்கொத்து கட்டிய லாரியில் ஒவ்வொருவர் வீடாகப் போவார்கள். பெற்றவர்கள் வாசலில் நின்று சாப்பிடக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் லாரி ஹாரன் அடித்து அடுத்த வீட்டுக்குப் போகும். சீட்டுக் குலுக்கியதில் அவள் வீடு கடைசி, மாலை ஆறு மணி. அதை நம்பி மதியச் சவாரிக்கு வந்துவிட்டாள்.

பாதி வழியில் போன் வந்தது.

"அம்மா, ஒரு ரோட்டை அடைச்சுட்டாங்க, வரிசை மாறிடுச்சு. இப்போ நம்ம வீடுதான் முதல்ல!"

"நான் படகுல இருக்கேன்டா! வாசல்ல யாருமே இல்லையே!"

லைன் அறுந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பிரெபென், இது படகா ஆமையா?"

"இதுக்கு மேல விரட்டினா என் லைசென்ஸ் போயிடும், தாயே."

முன்னும் பின்னும் நடந்தாள். அரண்மனையைச் சொல்லாமலே விட்டாள். ஒரு பயணி கேட்டார்: "இந்த ஊர்ல எதைக் கட்டாயம் பார்க்கணும்?"

"என் வீட்டு வாசலை" என்றாள்.

தாழ்ந்த பாலத்தை நெருங்கினோம். மேலே அந்த லாரி நின்றிருந்தது. ஒரே கூச்சல், இலைக்கொத்து, வெள்ளைத் தொப்பிகள். கைப்பிடிச் சுவரில் தொங்கியபடி மல்தே.

"அம்மா, பசிக்குது!"

பெர்னில் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "உட்காரு!" என்று அலறினேன். அவள் காதில் விழவில்லை. தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை மேலே வீசினாள். அவன் பிடித்துவிட்டான். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்த கணம் பாலம் எங்கள் தலைக்கு மேல் வந்தது.

இருட்டுக்குள் லாரியின் ஹாரன் கேட்டது. நீளமாக, சாப்பாடு கொடுத்த வீட்டுக்கு அடிப்பது போலவே.

வெளிச்சத்துக்கு வந்தபோது பயணிகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு ரொட்டிதான் இருந்துது, பிரெபென். இருபது பிள்ளைங்க. நாலு ரொட்டியாவது வச்சிருக்கணும்."