இடி இடித்தும் ஆடச் சொன்ன அப்பா

கால்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவன் என்பதால்தான் அன்று மைதானத்திலேயே அதிகமாகக் கத்தினேன்.

என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். ஐப்பசி மாதச் சாயங்காலம், ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கிழக்கே மலைப்பக்கம் கறுத்து இடி உறுமியது. நடுவராக நின்ற உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதி, மலையாளம் கலந்த தன் பேச்சில், "மதி, மதி! போதும், எல்லாரும் ஸ்கூலுக்குள்ளே ஓடு!" என்றார்.

ஜெயிக்கிற ஆட்டத்தை நிறுத்துகிறாரே என்று எனக்குக் கொதித்தது. விரித்த குடையைக் கொடி போல உயர்த்தி ஆட்டிக்கொண்டு மைதானத்துக்குள் பாய்ந்தேன்.

"ஓய், ஒரு இடிக்கே நடுங்கினா எப்படி? குழந்தைகளை ஆட விடும்!"

"ஸாரே, ஆ குடையை முதல்ல மடக்கும்!"

நான் மடக்கவில்லை. பத்திரமாக உள்ளே போயிருந்த மகள் என்னை இழுத்துப் போகத் திரும்பி ஓடி வந்தாள். ஆசிரியர் அவள் கையை ஒரு பிடி, என் சட்டைக் காலரை ஒரு பிடி பிடித்து, பொத்தான் தெறிக்க இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் கட்டடத்துக்குள் விழுந்த மறுகணம் வானம் வெடித்தது. மைதான ஓரத்துத் தென்னை நெடுக்காகப் பிளந்து, எரிகிற மட்டைகள் நாங்கள் சற்றுமுன் நின்றிருந்த இடத்திலேயே வந்து விழுந்தன. மகளுக்குக் கொஞ்ச நேரம் காதே கேட்கவில்லை.

இப்போதெல்லாம் முதல் இடிக்கே குடையை மடக்கிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விரட்டுகிறேன். கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் ஆகும்வரை ஒருவரையும் வெளியே விடுவதில்லை.

அன்று பஸ்ஸில் மகள் நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, இடைவேளைக்கு அப்புறம் ரெண்டு டீமும் பக்கம் மாறும். நீ கைதட்டின மூணு கோலும் எதிர் டீம் எங்களுக்குப் போட்டது."