சாம்பிராணிப் புகைக்குப் பின்னால் ஐந்து செடிகள்

லண்டன் பிளேஸ்டோவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் ஒரு பழைய அலுமாரி இருந்தது. ஒரு வருடம் ஓகஸ்ட் தொடங்கி ஒக்டோபர் வரை அதற்குள் என் உடுப்புகள் இருக்கவில்லை. ஐந்து கஞ்சாச் செடிகள் இருந்தன.

விதை தந்தவர் என்னோடு பேக்கரியில் வேலை செய்த ஓர் அண்ணை. ஒல்லாந்தில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பாண் தட்டுகள் தூக்கித் தூக்கி என் வலது தோள் விறைத்துப்போயிருந்தது. "ரெண்டு இழுவை இழுத்தியெண்டால் குழந்தைப் பிள்ளை மாதிரி நித்திரை கொள்ளுவாய்" என்றார். மற்றக் கஞ்சா இனங்களைப் பூக்கவைக்க வெளிச்ச நேரத்தைக் குறைக்க வேண்டுமாம். இது தானாகவே பூக்கிற இனமாம், வெண்டி நடத் தெரிந்தவனுக்கு இதுவும் வருமாம். முடியாது என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது. கடதாசியில் சுற்றிய விதைகளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே பயம் தொடங்கிவிட்டது.

அப்போது நான் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அது கிடைத்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். பொலிசில் ஒருமுறை பெயர் பதிந்தால் எல்லாம் முடிந்தது என்று லோயர் சொல்லியிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு வருகிற கடிதங்களை வீட்டுக்கார அக்காதான் வாசித்துச் சொல்வார். ஆனாலும் தோள் நோவில் நித்திரையில்லாத ஓர் இரவு விதைகளைச் சாடிகளில் ஊன்றி, அலுமாரிக்குள் ஒரு மின்குமிழின் கீழ் வைத்தேன்.

செடிகள் ஒரு சாண் வளர்ந்ததும் நுனிகளைக் கிள்ளிவிட்டேன். எனக்குத் தெரிந்த பயிர் புகையிலை. அதில் நுனி கிள்ளினால்தான் இலை தடிக்கும். யோசிக்க முன்னமே கை போய்விட்டது. இந்த இனமோ முளைத்த நாளிலிருந்து நாளெண்ணிப் பூப்பது. கிள்ளியது திரும்ப வளரட்டும் என்று காத்திருக்காமல், நின்ற உயரத்திலேயே குட்டையாகப் பூக்கத் தொடங்கியது. அண்ணையிடம் சொன்னபோது மாத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உன்னட்டை என்னத்தைத் தந்தனான், நீ சுருட்டுக்கெல்லோ வளர்க்கிறாய்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுமாரிக் கதவின் கொளுக்கி தளர்ந்திருந்தது. கதவிடுக்கால் மின்குமிழின் வெளிச்சம் கம்பளத்தில் ஒரு கோடாக விழும். வாசலில் யாராவது மணி அடித்தால் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். பொலிஸ் ஹெலிகொப்டருக்கு மேலே இருந்தே வீட்டுக்குள் இருக்கிற சூடு தெரியும் என்று பேக்கரியில் யாரோ சொன்னார்கள். அதன்பிறகு ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் விளக்கை அணைப்பேன். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் செடிகள் பூத்துக்கொண்டே இருந்தன. அதுவே எனக்குப் பெரிய பயமாகியது. பிடுங்கலாம் என்றால் எங்கே போடுவது? குப்பையைக் கவுன்சில்காரர் கிளறினால்?

பூ முற்ற மணம் எழுந்தது. நான் பின்னேரங்களில் சாம்பிராணி போடத் தொடங்கினேன். முதலில் ஒரு துண்டு, பிறகு அறை மங்கும் அளவுக்கு. அக்கா தேவாலயத்தில் போய், தன் வீட்டில் இருப்பவர் எவ்வளவு பக்தியானவர் என்று சொன்னாராம். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சொரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செபம் சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். இந்த வீட்டு முறை வந்தபோது, சொரூபத்தை என் அறையிலேயே வைக்க வேண்டும் என்று சனம் முடிவெடுத்துவிட்டது. அக்கா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் "ஓம்" என்றேன்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். மாதாவை என் மேசையில் வைத்தார்கள். அக்கா அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக் கீழே இருந்தார். செபம் தொடங்கியது. என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கண் கதவிலேயே இருந்தது. மூன்றாவது காரணிக்கத்தின் பத்து மணியும் முடியும்போது ஒரு வயதானவர் பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றி, அதைக் கொளுவ நேரே அலுமாரிக்கு நடந்தார்.

அக்கா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "கதவு பழுது, அண்ணை. இஞ்சை தாங்கோ" என்று கையை நீட்டிக் கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த மணியை உருட்டினார்.

எல்லோரும் போனபின் அவர் கதவடியில் நின்று மெதுவாகச் சொன்னார். "சாம்பிராணிக்கு அடங்கிற மணமில்லைத் தம்பி அது. ஒரு மாசமாத் தெரியும். நீராச் சொல்லுவீர் எண்டு பாத்தன். உம்மடை விசா மட்டுமில்லை, இது என்ரை வீடு. நாளைக்கு ஒண்டும் இருக்கக் கூடாது."

அடுத்த நாள் காலையில் செடிகளைப் பொடியாக நறுக்கினேன். பின்வளவில் வெங்காயப் பாத்தி இருந்தது. என் தோளால் மண்வெட்டி பிடிக்க ஏலவில்லை. அக்காதான் வெட்டினார், நான் கொட்டி மூடினேன்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அக்கா குசினி மேசையில் வைத்து உறையைக் கிழித்தார். முதற்பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தந்திட்டாங்கள்" என்றார். பிறகு கடிதத்தை மடித்துக்கொண்டே, "இனிச் சாம்பிராணி வேண்டாம்" என்றார்.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விருந்துக்கு அழைத்த அக்கா, உம்மடை மனிசன் ஒவ்வொரு பின்னேரமும் சாம்பிராணி போட்டவர் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சோறு போட்டார். மனைவிக்குப் பெருமை. அன்றைக்கே ஒரு பெட்டி வாங்கிவந்தாள். இன்றும் அவள் சாம்பிராணி போடும்போது நான் எழும்பிப்போய் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.