சிவப்புப் புள்ளி வைத்த நண்டுகள்

அப்பாவின் கைத்தொலைபேசிக்குத்தான் அழைப்பு வந்தது. "புள்ள, நண்டக்கா போயிட்டாவாம். டெங்குக் காய்ச்சலாம்," என்றார். நான் வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றிக்கொண்டே இருந்தேன்.

பல்கலைக்கழக வளாகத்தில் உங்களுக்குத் தர்சினியாக இருந்தவர் பனிச்சங்கேணியில் எங்களுக்கு நண்டக்கா. நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவியில் எத்தனை நண்டு இருக்கிறது என்று அறிய, முதுமாணிப் படிப்புக்காக வந்தார். வெல்லாவெளி வயல்காரர் மகள். முதல் நாளே நண்டு கடித்துவிட்டது. "இதுக்கு எங்கட மாடு பரவாயில்லகா," என்று விரலை உதறிச் சிரித்தார். நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள் என்று தெரிந்தும், ஏன் என்று கேட்காமல் உதவிக்கு வைத்துக்கொண்டார்.

நண்டின் முதுகில் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்து ஆற்றில் விடுவோம். பிறகு கரைக்கு வரும் தோணிகளில் புள்ளி வைத்தவற்றைத் தேடுவோம். "புள்ளி வச்சது அடிக்கடி வந்தா ஆத்துல நண்டு கொஞ்சம். எப்பயாவது வந்தா நிறைய. எல்லாத்தையும் எண்ணத் தேவையில்ல," என்றார். எனக்கு நன்றாக விளங்கியது.

தோணிக்காரர்களுக்கு அதை யாரும் விளக்கவில்லை. புள்ளி வைத்த நண்டை அப்பா கரைக்கே கொண்டுவர மாட்டார். "குறி சுட்ட மாட்ட ஆரும் பிடிச்சு விப்பாங்களா? அது அந்தப் புள்ளைட நண்டு. விடு ஆத்துல," என்பார். மற்றவர்களும் அப்படித்தான். அப்பா சொல்ல, நானே என் கையால் விட்டிருக்கிறேன்.

கரையில் அக்கா கூடை கூடையாகக் கிளறுவார்; ஒரு புள்ளியும் இருக்காது. "நண்டு ஓடு கழட்டினா புள்ளியும் போகும். ஆனா இவ்வளவு கெதியா எல்லாம் கழட்டாதே. என்ட பூச்சுத்தான் சாக்காட்டுதோ?" என்று ஒருநாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். ஆட்களுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது.

"அடுத்த கிழமை வாறன். மறுகா யோசிப்பம்," என்று பஸ் ஏறினார். அடுத்த கிழமை சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்பாவிடம் இப்போதுதான் சொன்னேன். வலையைக் கீழே வைத்தார். "முதலே சொல்லியிருந்தா எல்லாத்தையும் கொண்டு வந்து குடுத்திருப்பமே, மகள்."

அக்காவின் வேலையை முடிக்கப்போகிறவர்கள் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்; அது இல்லாத நண்டையும் கூட்டிக் காட்டும். இங்கே வாருங்கள், சொல்கிறேன். யார் நின்றாலும் சொல்கிறேன்.

பாதி மிஞ்சிய நகப்பூச்சுப் போத்தல் என்னிடம் இருக்கிறது. நேற்றும் வலையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நல்ல உயிரோடு இருந்தது, அக்கா.