ஒரு வரிச் சதுரங்கம்

கொழும்பிலிருந்த நண்பன் ஒருவன் கடிதத்தில் எழுதி அனுப்பியதிலிருந்துதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. சதுரங்கப் பலகையில் காய்கள் நிற்கும் நிலையை ஒரே வரியில் எழுதிவிடலாமாம். கணினிகள் அப்படித்தான் வாசிக்குமாம். வெள்ளைக் காய்க்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, கறுப்புக்குச் சின்ன எழுத்து, வெறும் கட்டங்களுக்கு அவற்றின் எண்ணிக்கை. எங்கள் ஊரான மருதனார்மடத்தில் சண்டை தொடங்கியதிலிருந்து கரண்டே இல்லை, கணினியை நான் கண்ணால் கண்டதுமில்லை. ஆனாலும் அது பலகையை எப்படிப் பார்க்கிறது என்று அறிய ஆசை அரித்தது. கிடைத்த தாளிலெல்லாம் எழுதிப் பார்த்தேன்.

என்னோடு விளையாடுபவர் அக்காவின் கணவர். நாலு வருடமாக என்னிடம் தோற்றுக்கொண்டே இருந்தார். நானும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. நக்கல் வேறு அடிப்பேன். ஓர் ஐப்பசி நாளில் முதன்முறையாக அவர் கை ஓங்கியிருந்தது. பார்த்தால், ஆமி நெருங்கிவிட்டது, எல்லாரும் உடனே ஊரைவிட்டு வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போகிறது.

“எழுதிப்போட்டு வா, தம்பி. இந்த ஆட்டத்தை நான் விடமாட்டன்” என்றார் அத்தான்.

“உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே? அரிசியைத் தூக்குங்கோ!” என்று அக்கா கத்தினாள். நான் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, மீசாலையில் நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூட விறாந்தையில் வெண்கட்டியால் கட்டம் கீறினேன். சோடா மூடிகளில் எழுத்தெழுதிக் காய்களாக்கி, வரியைப் பார்த்து அடுக்கினேன். ஒரு மூடிகூடப் பிசகவில்லை. அட, எனக்கே புல்லரித்தது! அத்தான் கையைத் தேய்த்துக்கொண்டு கோட்டை கட்டப் போனார். அதாவது, ராசாவைப் பக்கவாட்டில் ரெண்டு கட்டம் ஒதுக்கி, மூலைக் காயை அதற்குக் காவலாக வைக்கப் போனார்.

“ஏலாது அத்தான். உங்கடை ராசா ஒருக்கா எழும்பிப் போட்டுது.”

“ஆர் சொன்னது? இருந்த இடத்திலைதானே நிக்குது!”

ராசா ஒருமுறை அசைந்தால், அதே கட்டத்துக்குத் திரும்பி வந்தாலும் கோட்டை கட்டும் உரிமை போனதுதான். பலகையைப் பார்த்து அதை அறிய வழியில்லை. அதற்காகவே அந்த வரியில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். வெளிக்கிடும் அவசரத்திலும் நான் அங்கே, உரிமை இல்லை என்பதற்கான சிறு கீறலைப் போட்டிருந்தேன். கணினிக்காரருக்கு என்ன மூளையப்பா என்று வியந்தபடி தாளைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தானின் முகம் செத்துப்போயிற்று. கோட்டை கட்டினால் வெற்றி, கட்டாவிட்டால் தோல்வி. அது ரெண்டு பேருக்கும் தெரியும். வீடு, தோட்டம், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனிசன். இதையும் பறிக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

“பிழையாய் எழுதிப்போட்டன் போலை, அத்தான். நீங்கள் கட்டுங்கோ” என்று பேனையை எடுத்துக் கீறலைத் திருத்தப் போனேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம், தம்பி. வெளிக்கிட்டது வெளிக்கிட்டதுதான். வெளிக்கிடேல்லையெண்டு மாத்தி எழுதாதை.”

பிறகு ராசாவை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டு, தோற்பதற்காக உட்கார்ந்திருந்தார்.