எத்தனாவது மாசம்?

பசுவந்தனை பஸ்ஸில் என் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒடிசலான பெண், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். பேச்சுக்கு நடுவே அடிக்கடி இடுப்பை அமுக்கிக்கொண்டாள். பையனுக்கு ஒரு விதை விதைப்பைக்குள் இறங்கவில்லையாம். ஆபரேஷனுக்கு நாள் கேட்கப் போகிறாள்.

“இவன் வயித்துல இருக்கையில தினமும் இடுப்புவலி மாத்திரை போட்டேன்க்கா. டீக்கு வடை கணக்கா எங்களுக்கு அதான்.”

எதைக் கேட்டாலும் நாள், மாதம் குறித்துவைக்கிற என் பழக்கத்தில், “எத்தனாவது மாசம்?” என்று கேட்டுவிட்டேன். கர்ப்பத்தில் ஆண்குழந்தையின் பிறப்புறுப்புகள் உருவாகிற மாதங்களில் இந்த மாத்திரைகள் கெடுதல் செய்யலாம் என்று படித்திருந்தேன்.

“மூணு, நாலு… அப்ப என்னாலதானாக்கா?”

“அப்படி உறுதியா இன்னும் யாரும் சொல்லலம்மா.”

அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். “பெறகு மாசம் எதுக்குக்கா கேட்டீய?”

கோபமே இல்லாமல், அசதியோடு கேட்டாள். கோவில்பட்டி வந்ததும் இறங்கிப் போனாள்.